நாற்பத்திரண்டு பசுக்கள்

சென்ற மாதம், ஊருக்கு வெளியே புதிதாக வந்திருக்கும் ஒரு பள்ளியிலிருந்து என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பூமி உருண்டை செய்து வைத்திருக்கிறார்கள். கரண்ட் இருந்தால் சுற்றும். எனக்குக் கொடுத்த தலைப்பு, இன்றைய உலகக் கல்வியின் பொருளும் நோக்கமும். பதினைந்து நிமிடம் பேச வேண்டும். நான் ரிட்டையராகிப் பல வருடம் ஆகிவிட்டது. யாரோ ஞாபகம் வைத்துக் கூப்பிடுகிறார்களே என்று ஒப்புக்கொண்டேன். மறுநாள் போன் வந்தது. பேச்சை முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டுமாம். அவர்கள் பார்த்து, வேண்டிய இடத்தில் திருத்தி, டைப் அடித்துத் தருவார்களாம். நான் மேடையில் நின்று அதைப் படித்தால் போதுமாம்.

முதலில் சுர்ரென்று கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இதே காரியத்தை நாற்பத்திரண்டு பெண் குழந்தைகளுக்குச் செய்தவள்தானே நான்.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. எனக்கு இருபத்துநான்கு வயது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி, டவுனில் ஒரு கான்வென்ட் பள்ளிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேலை என்றால் நிரந்தர வேலை இல்லை. பிரசவ லீவில் போன ஒரு டீச்சருக்குப் பதிலாக எடுத்திருந்தார்கள். அந்த டீச்சர் திரும்பி வரப்போவதில்லை என்று ஒரு பேச்சு இருந்தது. அப்படி வராவிட்டால் அந்த இடம் எனக்கு. ஆனால் அது தலைமையாசிரியையின் கையில் இருந்தது. அவர் ஒரு கன்னியாஸ்திரீ. பள்ளி முழுவதும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். வீட்டில் அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். ஆகவே சிஸ்டர் தும்மினால்கூட நான் எழுந்து நிற்பேன்.

எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலமும் சமூக அறிவியலும் என்னுடையவை. தமிழ் மீடியம். பொன்மலை ரயில்வே காலனியிலிருந்தும், திருவெறும்பூர் பக்கத்திலிருந்தும், கடைத்தெருவிலிருந்தும் வரும் பெண்கள். ஒரு நாள் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். ஹாலந்தில் ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்திருந்தது. அவர்கள் சபையைச் சேர்ந்த ஒரு சிஸ்டர் அங்கே இருந்தாராம், அந்த வழியில் வந்த தொடர்பு. அங்கே இருக்கும் பதின்மூன்று வயதுப் பெண்கள் நம் பெண்களோடு கடிதம் எழுதிப் பழக ஆசைப்படுகிறார்கள். உங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது, ஜன்னல் வழியே என்ன தெரிகிறது, எதற்குப் பயப்படுவீர்கள் என்று எழுதுங்கள், இதுதான் கேட்டிருந்தார்கள்.

"வெளிநாட்டுக்குப் போற லெட்டர், டீச்சர். ஒரு தப்பு இருக்கக்கூடாது. பள்ளிக்கூடத்து மானம் மட்டும் இல்ல, தேசத்து மானம்," என்றார் சிஸ்டர்.

தேசத்து மானத்தை என் வகுப்பின் ஆங்கிலத்தில் ஒப்படைக்க எனக்குத் தைரியம் இல்லை. 'ஐ ஆம் கோ டு ஸ்கூல்' என்று எழுதுகிற கூட்டம். ஆகவே எங்கள் ஊரில் எல்லா டீச்சரும் எந்தக் கட்டுரைக்கும் செய்வதை நானும் செய்தேன். கரும்பலகையில் ஒரு மாதிரிக் கடிதம் எழுதிப் போட்டேன். நான் காலை ஐந்து மணிக்கு எழுகிறேன். கடவுளை வணங்குகிறேன். எங்கள் ஊரில் மலைக்கோட்டை இருக்கிறது. காவிரி ஒரு புனித நதி. என் அப்பா ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறார். அவர் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து எனக்குக் கதைகள் சொல்கிறார். எனக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. எங்கள் வீட்டில் ஒரு பசு இருக்கிறது. அது எங்களுக்குப் பால் தருகிறது.

அந்தப் பசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சித்திரை வீதியில் எங்கள் எதிர்வீட்டிலிருந்து வந்தது. தினம் காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போது வழியை மறித்துக்கொண்டு நிற்கும். கடிதத்துக்குக் கடைசியில் இரண்டு வரி குறைந்தது, பசு நினைவுக்கு வந்தது, எழுதிவிட்டேன்.

நாற்பத்திரண்டு பேரும் மார்ஜின் போட்டு, நீல மையில், முத்து முத்தாக எழுதினார்கள். ஈயடிச்சான் காப்பி என்பார்களே, அது. ஒரு எழுத்துப் பிழை கிடையாது. தன் பெயரை மட்டும் அவரவர் சொந்தமாக எழுதினார்கள். எனக்கு அவ்வளவு திருப்தியாக இருந்தது. சிஸ்டரும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, "நீட்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வருவது பெரிய விஷயம்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் கட்டு வந்தது. சிஸ்டர் பிரித்து, அந்த ஊர் டீச்சர் எழுதிய கடிதத்தை முதலில் என்னிடம் நீட்டினார். அதில் மரியாதையாக இப்படி இருந்தது: உங்கள் கடிதங்களுக்கு நன்றி. எங்கள் கிராமம் பால் பண்ணைக் கிராமம். அப்படியும் என் வகுப்பில் ஏழு பேர் வீட்டில்தான் மாடு இருக்கிறது. உங்கள் பெரிய நகரத்தில் நாற்பத்திரண்டு பேர் வீட்டிலும் ஆளுக்கு ஒரு பசு இருப்பது எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அவை என்ன இனம், நாளுக்கு எவ்வளவு பால் தரும் என்று என் மாணவிகள் கேட்கிறார்கள்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. சிஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

அவர்கள் வகுப்பில் இருந்ததே இருபத்தெட்டுப் பேர். சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கு ஒரு பெயரை எடுத்து எழுதியிருந்தார்கள். எங்கள் பெண்களில் பதினான்கு பேருக்குக் கடிதம் இல்லை என்று ஆகிவிட்டது. வந்த கடிதங்களைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அவர்கள் ஆங்கிலமும் நம் ஆங்கிலம்தான். கன்னாபின்னாவென்று அடித்தல் திருத்தல். ஒருத்தி அடித்த இடத்தில் ஒரு பூனை வரைந்து வைத்திருந்தாள். ஆனால் ஒரு கடிதம் போல இன்னொன்று இல்லை. ஒருத்தி கணக்கில் ஃபெயில். ஒருத்திக்கு இருட்டென்றால் பயம். ஒருத்தியின் அண்ணன் வீட்டில் யாரோடும் பேசுவதில்லையாம். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். யாரும் அவர்களுக்குப் போர்டில் எழுதிப் போடவில்லை.

சிஸ்டர் எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒன்றை மட்டும் தனியே எடுத்தார்.

"இது வேண்டாம். இதை அலமாரியில வச்சிடுங்க. அந்தப் பொண்ணுக்கு லெட்டர் வரலன்னே இருக்கட்டும்."

நான் அதை வாங்கிப் படித்தேன். என் அப்பாவும் அம்மாவும் இப்போது ஒரே வீட்டில் இல்லை, அப்பா இன்னொரு பெண்ணோடு வேறு ஊரில் இருக்கிறார் என்று அந்த ஹாலந்துப் பெண் எழுதியிருந்தாள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்ப்பேன். அம்மா ஒரு பேக்கரியில் வேலை செய்கிறாள். உன் அப்பா தினமும் ஆறு மணிக்கு வந்து உனக்குக் கதை சொல்கிறார். நீ கொடுத்து வைத்தவள். என்ன கதை சொல்வார்? ஒன்றை எனக்கு எழுது.

பதின்மூன்று வயதுக் குழந்தைகளிடம் கொடுக்கிற கடிதமா இது என்று எனக்கும்தான் தோன்றியது. சிஸ்டர் சொன்னதில் தப்பு இருப்பதாகப் படவில்லை. ஸ்டாஃப் ரூம் அலமாரியில், பழைய ஆஜர்ப் பதிவேடுகளுக்கு அடியில் வைத்தேன்.

அந்தக் கடிதம் யார் பெயருக்கு வந்ததோ அந்தப் பெண், மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்காருவாள். எடமலைப்பட்டி புதூரில் தாய்மாமன் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அப்பா முன்பு திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தவர், இப்போது வடக்கே மாற்றலாகிப் போயிருக்கிறார், அதனால் அம்மாவும் பெண்ணும் மாமா வீட்டில். அட்மிஷன் ஃபாரத்திலும் அப்படித்தான் இருந்தது, வகுப்பிலும் அப்படித்தான் தெரியும். கடிதம் வராத மற்றப் பதினான்கு பேரும் இரண்டு நாளில் அதை மறந்துவிட்டார்கள். இவள் மட்டும் விடவில்லை. "இன்னும் வருமா டீச்சர்?" என்று வாரத்துக்கு இரண்டு தடவை கேட்பாள். "வந்தா குடுக்க மாட்டேனா?" என்று நான் எரிந்து விழுவேன். பொய் சொல்லும்போது எனக்குக் குரல் ஏறிவிடும்.

என் கோபத்தைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அடுத்து நடந்தது அதனால்தான். சமூக அறிவியலில் இந்தியப் படம் கொடுத்து, உங்கள் சொந்தக்காரர்கள் இருக்கும் ஊர்களைக் குறியுங்கள் என்று வேலை கொடுத்திருந்தேன். இவள் படத்தில் பிலாய் என்ற இடத்தில் புள்ளி வைத்து 'அப்பா' என்று எழுதியிருந்தாள். அடுத்த வாரம் இன்னொரு படத்தில் ஆறுகளைக் குறித்துத் தரச் சொன்னேன். இவளுடையதில் கேட்காமலே மறுபடி ஒரு 'அப்பா' இருந்தது. இந்தத் தடவை ராஞ்சியில்.

நான் அவளை எழுப்பி நிறுத்தினேன். "ஏம்மா, ஒரு வாரத்துல உங்கப்பா ஊரு விட்டு ஊரு போயிட்டாரா? இல்ல ஊரே நகந்து போயிடுச்சா?"

வகுப்பே சிரித்தது. எனக்கும் நான் சொன்னது பிடித்துத்தான் இருந்தது. அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "தப்பா குறிச்சிட்டேன் டீச்சர்," என்று சொல்லிவிட்டு, உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தாள். நான் உட்காரச் சொல்ல மறந்துவிட்டேன். பீரியட் முழுவதும் நின்றாள்.

சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் போன பிறகு மேஜை அருகே வந்தாள்.

"எங்கப்பா வடக்கே இல்ல டீச்சர். திண்டுக்கல்ல இருக்கார். வேற வீட்ல. ரெண்டு வருஷமாச்சு. கிளாஸ்ல யாருக்கும் தெரியாது. சொல்லிடாதீங்க."

எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. இந்தக் குழந்தையைத்தான், என் அப்பா ஆறு மணிக்கு வந்து கதை சொல்கிறார் என்று மார்ஜின் போட்டு எழுத வைத்திருக்கிறேன். அவள் எப்படி எழுதினாள்? அவள் கையெழுத்துத்தான் வகுப்பிலேயே அழகு என்று சிஸ்டரிடம் எடுத்துக் காட்டியவளும் நானேதான்.

"இரு," என்றேன். ஸ்டாஃப் ரூமுக்குப் போய், பதிவேடுகளைத் தூக்கி, அந்தக் கடிதத்தை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன். யோசித்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். வேலை, தங்கைகள், சிஸ்டர் எல்லாம் ஞாபகம் வந்திருக்கும்.

அவளுக்கு எல்லா வார்த்தையும் புரியவில்லை. இருவருமாக உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். 'இன்னொரு பெண்ணோடு' என்ற இடம் வந்ததும் நான் கொஞ்சம் இழுத்தேன். அவள் என்னை எதிர்பார்க்காமல் தானே தமிழில் சொல்லிவிட்டாள். அந்த வாக்கியம் மட்டும் அவளுக்கு எந்த பாஷையிலும் புரிந்திருக்கும். கடைசி வரைக்கும் படித்துவிட்டு, கடிதத்தை மடிக்காமல் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இதை லெட்டர்ல எழுதலாமா டீச்சர்?"

"எழுதியிருக்காளே," என்றேன்.

மறுநாள் ஒரு நோட்டுத் தாளில் பதில் எழுதிக்கொண்டு வந்தாள். நான் வழக்கம்போல் சிவப்புப் பேனாவை எடுத்தேன். படித்துவிட்டு மூடி வைத்தேன். அவள் ஆங்கிலத்தில் தப்பு இல்லாத வரியே கிடையாது, ஆனால் புரியாத வரியும் கிடையாது. தமிழில் சொன்னால் அது இது: என் அப்பா ஆறு மணிக்கு வருவதில்லை. இரண்டு வருடமாக வருவதில்லை. அது எங்கள் டீச்சர் எழுதியது. உனக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு இருக்கிறது. எனக்கு ஞாயிறும் இல்லை. எனக்குக் கதை சொல்வது அம்மா. அவள் சொன்ன ஒன்றை எழுதுகிறேன். அதற்குக் கீழே, ஒரு காக்காயும் அதன் சோம்பேறித் தம்பியும் வரும் கதை ஒன்றரைப் பக்கம்.

மற்றக் கடிதங்கள் சிஸ்டர் படித்த பிறகுதான் கட்டாகப் போகும். இதை அந்தக் கட்டில் வைக்க முடியாது. தெப்பக்குளம் போஸ்ட் ஆபீஸில், வெளிநாட்டுக்கு மடித்து அனுப்பும் ஏரோகிராம் ஒன்று வாங்கி, அதில் அவளையே எழுத வைத்து, நானே போட்டேன். போட்டுவிட்டுப் பஸ்ஸில் உட்கார்ந்ததும்தான் உறைத்தது. பதில் என்று ஒன்று வந்தால் பள்ளி விலாசத்துக்குத்தான் வரும். பள்ளிக்கு வரும் தபாலை சிஸ்டர்தான் பிரிப்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, அதைத் தபாலில் வேறு அனுப்பியிருக்கிறேன். 'அது எங்கள் டீச்சர் எழுதியது' என்ற வரி காவிரிப் பாலம் முழுவதும் கூடவே வந்தது.

அதற்குப் பிறகு ஐந்தாறு வாரம் நான் மதில்மேல் பூனைதான். தபால்காரரைத் தூரத்தில் பார்த்தாலே வகுப்புக்குள் போய்விடுவேன். ஒரு சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வெளியே வந்தேன். அந்தப் பெண்ணின் அம்மா வராந்தாவில் காத்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார். போச்சு, சண்டைக்கு வந்திருக்கிறார், வீட்டு விஷயத்தை ஊர் விட்டு ஊர் பரப்பியதற்கு நன்றாகக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"பாப்பா எல்லாம் சொல்லுச்சு டீச்சர்," என்றார். "அந்த லெட்டரையும் காட்டுச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க ஒரு தடவ படிச்சுச் சொல்றீங்களா?"

இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எட்டாக மடித்திருந்தது. நான் தமிழில் மெதுவாகச் சொன்னேன்.

"அந்த ஊர்லயும் இப்படி உண்டா?"

"உண்டுங்க."

"அந்தப் புள்ளையோட அம்மா என்ன பண்றாங்களாம்?"

"பேக்கரில வேல பாக்கறாங்களாம்."

"வேலைக்குப் போறாங்களா? ஊர்ல நாலு பேரு பாக்க?"

"போறாங்க போலிருக்கு."

அவர் வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டார். "நான் ரெண்டு வருஷமா எங்கண்ணன் வீட்டு வாசப்படிய தாண்டல டீச்சர். கடைக்குக்கூட போறதில்ல. எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இன்னிக்குத்தான் பஸ் ஏறி வந்தேன்." கடிதத்தை வாங்கி மறுபடி எட்டாக மடித்தார். "போயிட்டு வரேங்க."

அவர் கேட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. வேலை போனால் போகட்டும் என்று அன்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். திங்கட்கிழமை மறுபடி பயம் வந்துவிட்டது, அது வேறு விஷயம்.

அடுத்த வாரம் பியூன் வந்து, சிஸ்டர் கூப்பிடுகிறார் என்றார். மேஜை மேல் வெளிநாட்டுத் தபால் உறை ஒன்று பிரித்துக் கிடந்தது.

"உக்காருங்க," என்றார் சிஸ்டர். "அலமாரியில வைக்கச் சொன்ன லெட்டர எழுதின பொண்ணுகிட்டயிருந்து பதில் வந்திருக்கு, டீச்சர்."

நான் உட்காரவில்லை. அவர் கடிதத்தைக் கையில் எடுத்து, எனக்காக உரக்கப் படித்தார். நீ உண்மையை எழுதியதற்கு நன்றி. உன் டீச்சர் எழுதிய அப்பாவைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். இனிமேல் பட வேண்டாம் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. என் வகுப்பில் அப்பா வேறு வீட்டில் இருப்பது எனக்கு மட்டும்தான். இப்போது நாம் இரண்டு பேர். காக்காய்க் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தம்பிக் காக்காய் என் மாமாவைப் போலவே இருக்கிறது என்றாள்.

சிஸ்டர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவரைக் கண்ணாடி இல்லாமல் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பதினேழு வயசுல நான் மடத்துல சேந்தேன். வீட்டுக்கு எழுதற லெட்டர மடத்து மதர் படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவாங்க. எங்கம்மா சாகற வரைக்கும், அவங்களுக்குப் போன எல்லா லெட்டர்லயும் நான் சந்தோஷமா இருந்தேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய குரலில் கேட்டார்:

"கடைசியில ஒரு கேள்வி இருக்கு. எழுதின பொண்ணு கேக்குது. பசுவாவது நிஜமா, இல்ல அதுவும் டீச்சர் எழுதினதுதானா?"

"அது எங்க எதிர்வீட்டுப் பசு சிஸ்டர்."

சிஸ்டரின் உதடு இறுகியது. அப்புறம் தோள் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. உறையை என் பக்கம் தள்ளினார். "அந்தப் பொண்ணுகிட்ட குடுத்திடுங்க. இனிமே லெட்டர போர்டுல எழுதாதீங்க. என்கிட்டயும் கொண்டுவராதீங்க. அவங்க அவங்களே எழுதி, ஒட்டி, போடட்டும்." நான் வாசல்வரை போன பிறகு, "அடுத்த வருஷமும் எட்டாங்கிளாஸ் உங்களுக்குத்தான்," என்றார், டைம் டேபிளைப் பார்த்துக்கொண்டே.

அப்பாடா என்று இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. வராந்தாக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். கடிதத்தை மூன்றாவது பெஞ்சில் வைத்தேன். அவள் படித்துவிட்டு, பசு வரிக்கு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் கவலையாக நிமிர்ந்தாள். "இப்ப பசுவுக்கு என்ன டீச்சர் எழுதறது?"

"வந்து பாத்துட்டு எழுது," என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பெண்ணும் ஸ்ரீரங்கம் வந்தார்கள். வந்ததோடு கோயிலுக்கும் போய்விடலாம் என்று, பெருமாளுக்கு ஒரு துளசி மாலை வாங்கி வாழை இலையில் சுற்றிக் கையில் வைத்திருந்தார் அந்த அம்மா. எதிர்வீட்டுப் பசு வழக்கம்போல் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தது. இதுதான், என்று காட்டினேன். ஹாலந்து வரைக்கும் பெயர் போன பசு என்பது அதற்கு எங்கே தெரியும்? அந்தப் பெண் அதைச் சுற்றிச் சுற்றி வந்து கொம்பையும் வாலையும் பார்த்துக் குறித்துக்கொண்டாள். நாங்கள் பேசிக்கொண்டிருந்த சமயம், பசு கழுத்தை நீட்டி, இலையோடு சேர்த்து மாலையில் பாதியை இழுத்துவிட்டது. அந்த அம்மா மீதியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். பசுவும் விடவில்லை. சத்தம் கேட்டு எங்கள் அம்மா வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"விட்டுடுங்கோ, பரவாயில்லை," என்றாள். "பெருமாளுக்குச் சேர்ந்தா மாதிரிதான்."

அந்த அம்மா விட்டுவிட்டார். கை காலியானதும் அப்படியே நடுத்தெருவில் நின்று சிரிக்க ஆரம்பித்தார். புடவைத் தலைப்பு தோளிலிருந்து நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை.

சென்ற மாதம் என்னைப் பேசக் கூப்பிட்ட பள்ளிக்கு நான் பேச்சை எழுதி அனுப்பவில்லை. வந்து வாயால் சொல்கிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். கூப்பிட்டால், பொருள் நோக்கம் என்றெல்லாம் எனக்குப் பேச வராது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அந்தப் பெண் எழுதி, தபாலில் போடுமுன் என்னிடம் படித்துக் காட்டிய கடிதத்தை மட்டும் சொல்வேன். நான் அதில் ஒரு தப்பையும் திருத்தவில்லை.

எங்கள் வீட்டில் பசு இல்லை. எங்கள் வீட்டில் அப்பாவும் இல்லை. இந்தப் பசு என் டீச்சரின் தெருவில் இருக்கிறது. நிறம் வெள்ளை, ஒரு கொம்பு கோணல். எவ்வளவு பால் தரும் என்று தெரியாது. இன்றைக்கு அது கடவுளின் மாலையைத் தின்றுவிட்டது. என் அம்மா சிரித்தாள். அவள் சிரித்தால் எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்து போயிருந்தது.